கறியும் கூறும்: பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் சிக்கனச் சமையலும் சொல்வழக்கும்

முன்னுரை

சமையற்குறிப்புகளைத் தொகுத்தளிப்பது இச்சொற்பொழிவின் நோக்கமன்று. பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பாரிட் புந்தாரைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில், சிறிதளவு இறைச்சியைப் பெரிய குடும்பத்துக்குப் போதுமானதாக்கிய வீட்டுத்திறனின் வரலாற்றையே ஆராயப் புகுகின்றோம். தோட்டத் தொழிலாளரின் கூலியையும், அக்கூலிக்கு அடிப்படையான செலவுக் கணக்கையும் அரசாங்க ஆவணங்கள் பதிவு செய்துள்ளன. வாங்கிய பொருள் அடுப்பேறிய பின்பு என்ன ஆயிற்று என்பதை எழுதிவைத்தவர் இலர். அதைக் காத்து வைத்திருப்பது மக்கள் நாவில் வழங்கிய சொல். ஆகவே சொல்லின் வழியே அவ்வரலாற்றை அணுகுவோம்.

பழைய இலக்கியத்தின் இரு காட்சிகள்

தமிழில் உணவைப் பற்றிய செய்திகள் மிகப் பழமையானவை. பத்துப்பாட்டில் இரண்டு காட்சிகளை ஒப்பிட்டுப் பார்த்தல் நம் பொருளுக்குப் பயன்படும். பொருநராற்றுப்படையில், கரிகாலனின் விருந்தை உண்ட பொருநன், இரவும் பகலும் இறைச்சியைத் தின்றதனால் தன் பற்கள், நிலத்தை உழுத கொழுவைப் போல மழுங்கிவிட்டன என்கிறான். சிறுபாணாற்றுப்படையிலோ, வறுமையுற்ற பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்பும் இன்றி வேகவைக்கிறாள். அயலார் காண நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டு, அதைச் சுற்றத்தாரோடு ஒருங்கே உண்கிறாள்.

முதற்காட்சி கொடுப்போனின் பெருமையைக் கூறுவது. ஆகவே அதில் அளவு பேசப்படுகிறது. இரண்டாவது காட்சியில் அளவு இல்லை. பகிர்வும் நாணமும் உள்ளன. நாம் ஆராயும் தோட்டச் சமையல் இவ்விரண்டாம் காட்சியின் வழித்தோன்றல். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். கதவை அடைத்தாலும் குழம்பின் மணம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒரு வீட்டில் இறைச்சி கொதித்தால் வரிசை முழுவதும் அறியும். அவ்வாறு அறிந்த அயல்வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடாமல் இருத்தல் அரிது. ஆதலால் அடுப்பில் ஏறிய கறி தன் வீட்டார்க்கு மட்டுமன்றி, எண்ணிக்கையில் அடங்காத சிலர்க்கும் சேர்த்தே கணக்கிடப்பட்டது.

‘கறி’ என்னும் சொல்

‘கறி’ என்ற சொல்லின் வரலாறு நம் பொருளை நன்கு விளக்கும். கறித்தல் என்பது கடித்தல், மெல்லுதல். சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகு. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் மரக்கலங்கள் கறியை ஏற்றிச் சென்றதை அகநானூறு கூறும். பட்டினப்பாலையில் மிளகு மூட்டைகள் கறிமூடை எனப்படும். பிற்காலத்தில் இச்சொல் சோற்றோடு சேர்த்துண்ணும் துணையுணவுக்குப் பெயராயிற்று. கோயில் வழக்கில் ‘கறியமுது’ என்பது காய்களால் ஆன படையல். காய்கறி, மரக்கறி என்னும் தொடர்கள் இன்றும் அப்பொருளைக் காக்கின்றன. அதற்கும் பின்னரே, ‘கறி வாங்கி வா’ என்றால் இறைச்சி வாங்கி வா என்று பொருள்படும் நிலை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இப்பொருள்கள் அனைத்தையும் ஒருசேரத் தருகிறது.

இலங்கையில் நெடுங்காலம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் இராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லைப் போர்த்துகீசியர் வழக்காகக் குறிப்பிட்டு, சோற்றுக்குச் சுவைகூட்டி உண்ணும் பொருள் என்று விளக்கினார். இறைச்சி என்று அவர் விளக்கவில்லை என்பது கருதத்தக்கது. ‘கறி’ என்ற சொல்லின் நடுப்பொருள் ஒரு பண்டமன்று. சோற்றோடு அது கொள்ளும் உறவே. சோறு முதன்மை, கறி அதற்குத் துணை. சோற்றை இறக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே கறி. இறைச்சியைக் குறைத்துக் குழம்பைப் பெருக்கிய தோட்டத்துப் பெண்கள் புதிதாக ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தாரல்லர். இறைச்சி என்று குறுகிப்போன சொல்லை, அதன் பழைய பொருளான துணையுணவு என்ற நிலைக்கு மீட்டுக்கொண்டு சென்றனர்.

வட்டாரமும் கூலியும்

பாரிட் புந்தார் கிரியான் மாவட்டத்தைச் சேர்ந்தது. பாரிட் என்னும் மலாய்ச் சொல் வாய்க்காலைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரத்திலும், ஆற்றுக்கு அப்பால் நிபோங் திபால் பக்கத்திலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர் அவற்றில் உழைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை இரப்பர் பிடித்துக்கொண்டது. 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவுற்று, புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் நீர் வயல்களுக்குப் பாய்ந்தது. மாவட்டம் நெல்லுக்குப் பெயர்பெற்றது. இந்தியத் தொழிலாளரை ஒப்பந்த முறையில் கொணர்வது 1910இல் முடிவுற, கங்காணி வழி ஆட்சேர்ப்பு மேலோங்கிற்று. அம்முறைக்கும் 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்தது.

1920களில் இந்தியத் தொழிலாளரின் நியமக் கூலியைக் குடும்பச் செலவுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கும் முறை ஏற்பட்டது. போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அது அமைந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930இல், 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. கணவனும் மனைவியும் மாதத்தில் 24 நாள் வேலை செய்ததாகக் கொள்வோம். முன்னர் அவ்வீட்டுக்கு 21 வெள்ளி 60 காசு கிடைத்திருக்கும். குறைத்தபின் 17 வெள்ளி 28 காசு. வீ. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவின் தோட்டங்களைப் பார்வையிட்டு 1937இல் அளித்த அறிக்கை, பழைய கூலியை மீட்டளிக்கப் பரிந்துரைத்தது.

குறைந்த அந்த 4 வெள்ளி 32 காசு எங்கிருந்து ஈடுசெய்யப்பட்டது? அரிசியைக் குறைத்தல் இயலாது. உடலுழைப்புக்கு அதுவே அடிப்படை. உப்பு, மிளகாய், புளி ஆகியன ஏற்கெனவே சிறுதொகை. முதலில் சுருங்கத்தக்கது இறைச்சிதான். ஆயினும் கறி என்ற உணவு அற்றுப்போகவில்லை. அதுவே நாம் விளக்க வேண்டிய செய்தி.

கணக்கில் ஏறாதவை

தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குத் தோட்டம் போட ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்றது. அஃது ஏறத்தாழ 2,700 சதுர அடி. லயத்துக்குப் பின்னால் இருந்த இத்தகைய துண்டு நிலத்தில் முருங்கை, கத்தரி, மரவள்ளி, வாழை, கறிவேப்பிலை, கீரை ஆகியன விளைந்தன. இறைச்சியைப் பெருக்கிய முதற்பொருள்கள் இவையே. கடையில் வாங்காததால் செலவுக் கணக்கில் இவை ஏறவில்லை. இவற்றுக்கு ஊற்றிய தண்ணீரும் பிடுங்கிய களையும் வேலைநாளில் ஏறவில்லை.

பெருக்கும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, எலும்பின் வழி. எலும்போடு கூடிய இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி நெடுநேரம் வேகவைத்தால், எலும்பையும் தசைநாரையும் பிணைத்திருக்கும் புரதம் கரைந்து நீரைக் கனக்கச் செய்யும். கொழுப்பு உருகி, மசாலையின் மணத்தைக் குழம்பெங்கும் கொண்டு செல்லும். இறைச்சித் துண்டு கிடைக்காத தட்டுக்கும் இறைச்சியின் சுவை கிடைப்பது இதனால்தான். அரைத்த மல்லியும் வெங்காயமும் தேங்காயும் குழம்பைத் தடிக்கச் செய்தன. குழம்பு என்ற பெயரே ‘குழம்புதல்’ என்ற வினையோடு தொடர்புடையது. பல பொருள் கலந்து தடித்தது என்பது அதன் பொருள்.

இரண்டாவது, காயின் வழி. உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய் ஆகியவற்றைக் கடைசியில் இட்டுக் கொதிக்கவிட்டால், அவை சாற்றை உறிஞ்சிக்கொண்டு கறித்துண்டின் இடத்தை நிரப்பும். உருளைக்கிழங்கைக் கறித்துண்டின் அளவிலேயே நறுக்கும் வழக்கம் இதனாலேயே எழுந்ததாகலாம். கரண்டியில் எது வந்தாலும் தட்டு நிறைந்ததாகத் தோன்றும்.

மூன்றாவது, பருப்பின் வழி. இதற்குச் சிறந்த சான்று தமிழ் முஸ்லிம் வீடுகளின் தாளிச்சா. ஆட்டெலும்பைப் பருப்போடும் காயோடும் புளியோடும் சேர்த்துச் சமைப்பது இது. தக்காணத்து உருது வழக்கில் ‘தால்ச்சா’ எனப்படுவது. பருப்பைக் குறிக்கும் ‘தால்’ அதில் உள்ளது. தமிழ்ச் செவி அதைத் ‘தாளித்தல்’ என்ற வினையோடு இணைத்துக் கேட்டுத் ‘தாளிச்சா’ ஆக்கிற்று. பொருள் விளங்காத அயற்சொல்லைத் தன் சொல்லாக்கிக்கொள்ளும் இந்நிகழ்வை மொழியியலார் மக்கட் சொற்பிறப்பு என்பர். மலாய் மக்களின் கெண்டூரி விருந்துகளில் இதே உணவு ‘டால்ச்சா’ என்ற பெயரில் பரிமாறப்படுகிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது, இறைச்சி குறைந்த உணவின் குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. இவ்வேதியியலை அறியாமலே மக்கள் பட்டறிவால் இதைக் கண்டனர்.

இவற்றோடு, ஒரே இறைச்சியை இரண்டு உணவாக்குதலும் உண்டு. சதைப்பகுதியில் சிறிதை எடுத்து உலர்ந்த பிரட்டலாகச் செய்து, எலும்பைக் குழம்பில் இடுவர். புரட்டல் என்பதே பேச்சில் பிரட்டல் ஆயிற்று. தலை, குடல், கால், இரத்தம் என ஆட்டில் ஒன்றும் கழிபொருளன்று. கருவாடும், வாய்க்காலிலும் வயலிலும் பிடித்த விராலும் கெளிறும், சில வேளைகளில் வேட்டையில் கிடைத்த காட்டுப்பன்றியும் இறைச்சி வாங்க இயலாத நாட்களை நிரப்பின.

1941இன் இறுதியில் தொடங்கிய சப்பானியர் படையெடுப்பும் ஆட்சியும் இம்முறைகள் அனைத்தையும் கடும் சோதனைக்கு உட்படுத்தின. இறக்குமதி அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆடவர் பலர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். துணையுணவு பற்றி நாம் கூறியதெல்லாம் முதலுணவு இருக்கும்போதுதான் பொருந்தும். சோறே இல்லாத இடத்தில் கறியைப் பெருக்கும் கலைக்கு வேலை இல்லை. சிக்கனம் வேறு, பட்டினி வேறு என்பதை மாணவர் இவ்விடத்தில் தெளிதல் வேண்டும்.

கூறும் பங்கும்

இறைச்சி வாங்கும் முறையிலும் சிக்கனம் இருந்தது. தீபாவளி, மாரியம்மன் திருவிழா, முனியாண்டி படையல் போன்ற நாட்களில் பல குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி வெட்டிக் கூறு போடுவது வழக்கம். கூறு போடுதலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு கூற்றிலும் சதை, எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு என எல்லாவற்றிலும் ஒரு பகுதி இருத்தல் வேண்டும். ஒருவருக்குச் சதையும் மற்றவருக்கு எலும்புமாகப் பிரித்தால் அது கூறு ஆகாது. எடைக்கல் இல்லாமலே, கண்ணளவில், வாழையிலையில் பரப்பி ஒப்புமை பார்த்தனர்.

தமிழில் ‘கூறு’ என்பது பகுதி, ‘கூறுதல்’ சொல்லுதல். ‘பங்கு’ என்பது உரிமையையும் குறிக்கும். ‘எனக்கும் அதில் பங்கு உண்டு’ என்கிறோம் அல்லவா? கூலியைப் பெறும்போது தோட்டத் தொழிலாளி பிறர் வகுத்த அளவை ஏற்றுக்கொண்டான். கறியைக் கூறு போடும்போது அளவை வகுத்தவன் அவனே. ஒரே மனிதன் காலையில் பெறுபவனாகவும் மாலையில் பங்காளியாகவும் நின்றான். வாழையிலைமேல் பரப்பிய அந்தக் கூறுகளை வெறும் உணவுச் செய்தியாகக் கொள்ளாமல், தோட்டத்துச் சமூக வாழ்வின் சான்றாகவும் கொள்ளல் வேண்டும்.

பரிமாறும் வரிசை

இதுவரை கூறியவை திறத்தின் புகழ். அத்திறத்துக்கு ஒரு விலையும் இருந்தது; அதைக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

வீட்டுக்கு வெளியே கூறுகள் ஒத்திருந்தன. வீட்டுக்குள்ளே அவ்வாறு இல்லை. உழைக்கும் ஆணுக்கு முதலில், பின்னர் விருந்தினரோ பிள்ளைகளோ, இறுதியில் சமைத்தவளுக்கு என்பது பரவலான பரிமாறும் வரிசை. சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பும் உருளைக்கிழங்கும் அவளுடைய பங்கு. அவளும் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவியவள்தான். அதற்கு முன்பே அடுப்பு மூட்டியவளும் அவளே. நியமக் கூலியில் பெண்ணின் பங்கு ஆணின் பங்கில் ஐந்தில் நான்கு. கூலி 50இலிருந்து 40 ஆகக் குறைந்தபோதும் அந்த விகிதம் குறையாமல் காக்கப்பட்டது. பணியிடத்தில் எழுத்தில் இருந்த அவ்வேற்றுமை, சமையற்கட்டில் எழுதாமலே நிலவியது. குறைந்த இறைச்சியை எல்லார்க்கும் போதுமாறு செய்தவளே, தனக்குப் போதாமையை ஏற்றுக்கொண்டவள்.

இதற்கும் மொழியில் சான்று உண்டு. பேச்சுத்தமிழில் ‘பத்தும்’, ‘பத்தாது’ என்னும் வினைகள் ‘பற்று’ என்பதன் வழி வந்தவை. ‘எட்டுப் பேருக்குக் கறி பத்தும்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் கறி. உண்போர் நான்காம் வேற்றுமையில் வருவர். பத்தச் செய்தவள் அவ்வாக்கியத்தில் இல்லை. கறி தானாகவே பத்திவிட்டதுபோல் மொழி பேசுகிறது. மற்றொரு சொல் ‘ஒப்பேற்றுதல்’. ‘இருக்கிறதை வைத்து ஒப்பேற்றிவிட்டேன்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் ‘நான்’. இருப்பதைக் கொண்டு வேண்டியதை நிறைவேற்றுதல் என்ற பொருளுடைய இச்சொல், செய்தவளை வெளிக்கொணர்கிறது. முதல் வாக்கியம் உண்டவர் கூற்று. இரண்டாவது சமைத்தவள் கூற்று. தோட்டச் சமையலின் வரலாற்றை இரண்டாவது வாக்கியத்திலிருந்தே எழுதத் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இன்று நாம் செய்யத்தக்கது

இரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் மறைந்தன, பின்புறத் தோட்டமும் அவற்றோடு போயிற்று. இறைச்சி இன்று பேரங்காடியில் எலும்பு நீக்கி, எடையிட்டு, நெகிழித் தாளில் பொதிந்து கிடைக்கிறது. கூறு என்ற சொல்லை அப்பொருளில் கேளாத மாணவர் இன்று பலர். பொருள் மறைந்தால் சொல்லும் மறைவது இயல்பே. ஆயின் பதியப்படாமல் மறைந்தால், இழப்பு ஒரு சொல்லோடு நில்லாது; அச்சொல்லை ஆண்ட மக்களின் அறிவும் உடன் மறையும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணியை முன்வைக்கின்றோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அண்டையிலோ உள்ள மூதாட்டி ஒருவரிடம் ஐந்து வினாக்களைக் கேட்டு எழுதட்டும். இறைச்சி வாங்குவது எந்நாளில், எவ்வளவு, எத்தனை பேருக்கு? அதனோடு சேர்த்த காய், பருப்பு யாவை? அந்த உணவுக்கு அவர் வழங்கும் பெயர் யாது? கூறு போட்ட முறை எவ்வாறு? இறுதியில் உண்டவர் யார், அவர் தட்டில் இருந்தது என்ன? விடைகளைத் திருத்திச் செந்தமிழாக்காமல், சொன்ன ஒலியிலேயே எழுதுதல் வேண்டும். ‘பிரட்டல்’ என்று சொன்னால் ‘பிரட்டல்’ என்றே எழுதுக. கேட்ட தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழக் காலத்தையும் உடன் குறிக்க வேண்டும். மலாய், சீனம் வழி வந்த சொற்களை அயற்சொல் என்று விலக்குதல் கூடாது. ஒரு சமையற்கட்டில் எத்தனை மொழிகள் புழங்கின என்பதும் வரலாறே.

ஐந்தாம் வினாவைக் கேட்கும்போது மூதாட்டி சிரித்து மழுப்பக்கூடும். ‘எனக்கென்ன, இருக்கிறதைச் சாப்பிட்டேன்’ என்பார். அந்த விடையையும் அப்படியே எழுதிக்கொள்க. அக்காலச் செலவுக் கணக்கு எதிலும் இடம்பெறாத செய்தி அது. பாரிட் புந்தாரின் ஒரு வகுப்பறையிலிருந்து முப்பது விடைகள் சேர்ந்தாலும் போதும். தோட்டக் குடும்பத்தின் சமையல் வரலாற்றுக்கு, சமைத்தவரின் வாய்மொழியில் அமைந்த முதல் ஆவணமாக அது பயன்படும்.